கடைசி நாலு நிமிஷம்

பள்ளிப்பட்டில் படம் முடியும்போது
அவள் கதவைச் சாத்துகிறாள்.
நகரியில் முடியும்போது
கதவு திறந்திருக்கிறது.
இது தெரியாமல்
மூன்று ராத்திரி சண்டை போட்டோம்,
காதர் மொய்தீன் பரோட்டாக் கடை வாசலில்,
சால்னா ஆறி மேலே எண்ணெய் கட்டும்வரை.

"எட்டு வருஷம் கழிச்சு வர்றான்,
மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்தறா பாரு,
அதான்யா படம்" என்றாள் தேசம்மா.
ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிற கை.
மேஜையைத் தட்டினால் டம்ளர் நகரும்.

"எங்க சாத்துனா? சொம்புல தண்ணி
எட்தாந்து குடுத்தாளே,
நீ தூங்கிட்ட" என்றான் முனிரத்தினம்.
நகரியில் சாயப்பட்டறை வேலை அவனுக்கு.
அன்றைக்குப் பாவு என்ன நிறமோ
விரலும் அந்த நிறம்.
அன்றைக்கு மயில்கழுத்து.

"நானா தூங்கனேன்?"
டிக்கெட்டின் கிழிந்த பாதியைப்
பர்சிலிருந்து எடுத்துப் போட்டாள்,
கோர்ட்டில் சாட்சி வைப்பதுபோல.

நான் தேசம்மா கட்சி.
ஆனால் நடுவில் வரும் பாட்டு வேண்டாத வேலை
என்று வாய்விடப்போய்
இரண்டு பக்கமும் என்மேல் பாய்ந்தார்கள்.
பனிமலையில் சல்லாப் புடவையோடு ஆடினால்
ஜன்னி வராதா என்றேன்.
"வரும். மாத்திரை நான் தர்றேன்.
பாட்டு இருக்கட்டும்."

வில்லன் விஷயத்திலும் தகராறு.
எங்கள் பக்கம் அவன் கடப்பைக்காரன்.
அவர்கள் பக்கம் அதே மீசை, அதே ஜீப்,
மெட்ராஸிலிருந்து வந்த ஆள்.
மாவை வீசிக்கொண்டே காதர் பாய் கேட்டார்:
"அப்ப நடுவுல கீற நமக்கு
யாருப்பா வில்லன்?"
கல்லில் மாவு அறைந்தது.
வேறு சத்தமில்லை.

நாலாம் நாள் உண்மை வந்தது
ஆபரேட்டர் இம்மானுவேல் உருவத்தில்,
இரண்டு முட்டை வீச்சு பார்சலுக்கு.
"பதினொண்ணு பத்துக்குக் கடைசி பஸ்.
கதவு சாத்தினதும் பாதி ஜனம் எழுந்துடுது.
நானும் நிறுத்திட்டு லைட்டப் போட்டுடுவேன்.
நாலு நிமிஷந்தானே."

"எத்தினி வருஷமா?"

யோசித்தான்.
"மிஷின் மாறுனதுலேர்ந்து நான்.
அதுக்கு முன்ன எங்கப்பா,
கடைசி ரீலப் பாதிதான் ஓட்டுவாரு."

தரை ஒரு இஞ்ச் இறங்கியது எனக்கு.
எத்தனை பேர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
கண் விழித்திருப்பார்கள்,
எத்தனை கல்யாணம் கூடியிருக்கும்,
செத்ததாக நான் அழுது முடித்த அந்தத் தம்பி
ரயிலிலிருந்து இறங்கி வந்திருப்பானோ என்னவோ,
நாங்கள் சோளிங்கர் ரோட்டில்
படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகும்போது.

முனிரத்தினம் சிரித்திருக்கலாம்.
இலையை மடித்தான்.

தேசம்மாதான் அசையவில்லை.
"எங்க நிறுத்தணும்னு
படம் எடுத்தவனுக்குத் தெரியல,
இம்மானுவேலுக்குத் தெரிஞ்சிருக்கு."
பார்சலைப் பிடித்தபடி அவன் நெளிந்தான்.
இத்தனை வருஷத்தில்
அவனைப் பாராட்டி வந்த முதல் விமர்சனம்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல்
நகரிக்குப் போனேன். மேட்னி.
செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள்;
தயிர்சாத டப்பாவை ஆட்டிப் பார்த்துவிட்டு
போகச் சொன்னார்கள்.

கதவு சாத்தியது.
நான் எழுந்துவிட்டேன்.
ஒரு கால் செருப்பு கிடைத்தது,
இன்னொன்றைக் கட்டைவிரலால் துழாவிக்கொண்டிருக்கிறேன்,
சீட்டு படாரென்று மடங்கியது.
பின்னாலிருந்து ஒரு பையன்:
"கூர்ச்சோக்கா!"

உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு
சுகர் மாத்திரை வாங்கும் வரிசை.
என் முறை வந்ததும் தேசம்மா
தலை நிமிராமல் கேட்டாள்:
"தொறந்தாளா?"
யார் சொல்லியிருப்பார்கள்?

"தெரியல. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி."

மேட்னிக்கு ஏது கடைசி பஸ்.
அவளுக்குத் தெரியாதா.
பக்கத்திலிருந்த கிழவருக்கு ஊசியை எடுத்து
வெளிச்சத்தில் நிமிர்த்திப் பிடித்து
ஒரு சொட்டு வெளியே விட்டாள்.